கலை ரசனைப் பாடத்துக்கு 3,900 ரிங்கிட் கட்டலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 39. கணக்கியலில் டிப்ளோமா முடித்தவர். பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள ஒரு சமூகக் கல்லூரி இணையவழியில் நடத்தும் கலை ரசனை அறிமுகப் பாடத்தில் சேர விரும்புகிறார். மூன்று கிரெடிட், எட்டு வாரம். ஏஜென்ட் ஒருவர் எல்லாம் சேர்த்து 3,900 ரிங்கிட் கேட்கிறார். அதில் 600 ரிங்கிட் ‘விண்ணப்பம், விசா ஆலோசனை’ கட்டணம். ‘அனைத்துலக கிரெடிட், எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கும்’ என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொல்லியிருக்கிறார். பினாங்கிலேயே தொலைநிலையில் வணிகப் பட்டம் படிக்கும்போது இந்த மூன்று கிரெடிட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்பது வாசகியின் கணக்கு. ‘எனக்குக் கோலம் தவிர எதுவும் வரையத் தெரியாது, சேரலாமா? வாரம் மூன்று மணி நேரம் போனிலேயே படித்தால் போதுமா? பிறகு கலைக்கூடத்தில் வழிகாட்டியாகவோ பள்ளியில் ஓவிய ஆசிரியையாகவோ போக முடியுமா?’ என்று கேட்கிறார். ‘படம் பார்க்க எதுக்குக் காசு?’ என்று கணவர் கேட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் இந்த ஏஜென்ட் வழியாக, இந்த எட்டு வார வகுப்பில், கிரெடிட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சேராதீர்கள். மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

கிரெடிட் எங்கே போய்ச் சேரும்?

கிரெடிட் செல்லுமா என்பதைப் பாடத்தை விற்கும் கல்லூரி தீர்மானிப்பதில்லை, ஏஜென்டும் தீர்மானிப்பதில்லை. நீங்கள் அடுத்துச் சேரப்போகும் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கும். ‘எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கும்’ என்ற வாக்குறுதியைக் கொடுக்கும் அதிகாரம் உலகத்தில் யாருக்கும் கிடையாது.

இந்தப் பாடம் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிந்தால் விஷயம் புரியும். அங்கே கணக்கியல் படிப்பவரும் தாதியர் படிப்புப் படிப்பவரும் பட்டம் பெற, பொதுக் கல்விப் பகுதியில் கலை அல்லது இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளிலிருந்து ஒரு பாடமாவது முடிக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் கலை ரசனை இருக்கிறது. மலேசியப் பட்டப் படிப்பில் அந்த இடமே இல்லை. இங்கே பொதுப் பாடங்கள் என்றால் எம்பியூ எனப்படும் கட்டாயப் பாடங்கள். அவற்றுக்கு அமெரிக்கப் பாடம் எதுவும் மாற்று ஆகாது. மிஞ்சுவது விருப்பப்பாட இடம் மட்டும். வணிகப் பட்டத்தில் அது ஒன்றிரண்டு இருக்கலாம், அதையும் அந்தப் பல்கலைக்கழகம் தன் பட்டியலுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் கிரெடிட் மாற்ற வழிகாட்டி, ஒரு பாடத்தை மாற்ற இரண்டு பாடங்களின் உள்ளடக்கமும் குறைந்தது 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், மதிப்பெண் சி-க்குக் குறையக்கூடாது என்கிறது. வணிகப் பட்டத்தில் எந்தப் பாடம் கலை ரசனையோடு 80 விழுக்காடு ஒத்துப்போகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: இன்டி, டெய்லர்ஸ் போன்ற கல்லூரிகளின் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் சேர்ந்து பிறகு அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பாடங்கள் நேரடியாகப் பயன்படும். உங்கள் திட்டம் அது அல்ல.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு உண்மையில் கிரெடிட் தேவை என்றால், அது உங்கள் மேசையிலேயே இருக்கிறது. ஏபெல் சி என்ற முறையில், வேலை அனுபவத்தால் வந்த அறிவைத் தேர்வு எழுதியோ ஆவணத் தொகுப்பு கொடுத்தோ நிரூபித்துப் பட்டப் படிப்பின் குறிப்பிட்ட பாடங்களுக்குக் கிரெடிட் வாங்கலாம். உச்சவரம்பு மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு. 120 கிரெடிட் பட்டத்தில் அது 36. பதினாறு ஆண்டு கணக்கு எழுதிய உங்களுக்கு நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல் போன்ற அறிமுகப் பாடங்களில் வாய்ப்பு உண்டு. டிப்ளோமா பாடங்களிலிருந்து மாற்றக்கூடியவை தனி. வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, நீங்கள் சேர நினைக்கும் இடத்தில் இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். மூன்று கிரெடிட்டுக்காக டாலரில் பணம் கட்ட நினைத்தவர் இதை விட்டுவிடக் கூடாது.

வாரம் மூன்று மணி நேரம்

போதாது. அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டுவேலை, சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 135 மணி. அதை எட்டு வாரத்துக்குள் அடைத்தால் வாரம் 17 மணி நேரம் வரும். மலேசியக் கணக்கும் அதிகம் மாறாது: ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல், மூன்றுக்கு 120. ‘நேரலை வகுப்பு கிடையாது, உங்கள் வசதிப்படி படிக்கலாம்’ என்பதன் பொருள், எந்த நாளில் படிப்பது என்பது உங்கள் விருப்பம் என்பதுதான். வேலை குறைவு என்பதல்ல.

வாரம் ஒன்றில் என்ன இருக்கும்? பாடநூலில் ஓர் அத்தியாயம், ஒன்றிரண்டு காணொளி, ஒரு குறுந்தேர்வு, ஒரு கலந்துரையாடல் பதிவு. கலந்துரையாடலில்தான் புதியவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வழக்கமாக உங்கள் சொந்தப் பதிவுக்கு வார நடுவில் ஒரு கெடு, மற்ற மாணவர் இருவருக்குப் பதில் எழுத வாரக் கடைசியில் இன்னொரு கெடு. எல்லாவற்றையும் ஞாயிறு இரவில் செய்பவருக்கு முதல் பாதி மதிப்பெண் போய்விடும். ‘நானும் ஒப்புக்கொள்கிறேன், அருமை’ என்ற பதிலுக்கும் மதிப்பெண் கிடையாது. படத்தில் அவர் கவனிக்காத ஒன்றையாவது நீங்கள் காட்ட வேண்டும்.

நேர வித்தியாசத்தை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். கல்லூரி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருந்தால் ‘ஞாயிறு இரவு 11.59’ என்ற கெடு, அவர்களுடைய கோடைக்கால நேரத்தில் நமக்குத் திங்கள் காலை 11.59, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு பிற்பகல் 12.59. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மறுபடி மாற்றும்போது நம் கெடு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். ஆபத்தானது இந்த மார்ச் மாற்றம்தான். எப்படியும் அந்த நேரத்தில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். ஆகவே உங்களுக்குக் கெடு என்பது நம் ஞாயிறு இரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. காணொளி பார்க்க, பதிவுகளைப் படிக்க அது போதும். தேர்வுக்குப் போதாது. பல கல்லூரிகள் தேர்வின்போது மற்ற பக்கங்களைத் திறக்கவிடாத பூட்டு உலாவியையும் கேமராவையும் கேட்கின்றன. அதற்கு மடிக்கணினி வேண்டும். முதல் தேர்வு நாளில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் பலர்.

வரையத் தெரியாவிட்டால்?

கவலையே வேண்டாம். இது வரையும் வகுப்பு இல்லை. சில ஆசிரியர்கள் வண்ணச் சக்கரம் ஒன்றைச் செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதில் திறமைக்கு மதிப்பெண் இல்லை, செய்தீர்களா என்பதற்குத்தான். முதல் சில வாரம் கோடு, உருவம், வெளிச்சம்–நிழல், நிறம், இழைநயம், வெளி ஆகிய கூறுகளும், சமநிலை, அழுத்தம், லயம், அளவு விகிதம் ஆகிய அமைப்பு விதிகளும். பிறகு ஊடகங்கள்: எண்ணெய் ஓவியம், சுவரோவியம், மரச்செதுக்கு அச்சு, உலோக வார்ப்பு. கடைசியில் குகை ஓவியத்திலிருந்து இன்றுவரை ஒரு வேகமான வரலாறு. கோலம் போடுகிறவருக்குச் சமச்சீர், லயம், புள்ளிக் கட்டமைப்பு எல்லாம் கைக்குத் தெரியும். பெயர்கள் மட்டும் புதிது.

உண்மையில் சோதிக்கப்படுவது, பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதும் திறன். இரண்டு முதல் நான்கு பக்கக் கட்டுரைகள் சில இருக்கும். வரைவதைப் பற்றிக் கேட்ட நீங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சில கல்லூரிகள் பட்டப் படிப்பில் சேராத மாணவரிடமும் ஆங்கிலத் தகுதிச் சான்று கேட்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் எது தவறிப்போகிறது என்று சொல்கிறேன். நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடநூலில் நடராசர் வருவார்; அமெரிக்க அறிமுகப் பாடங்களில் சோழர் செப்புத்திருமேனி அடிக்கடி இடம்பெறும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள 11ஆம் நூற்றாண்டு நடராசரைக் கொடுத்து எழுதச் சொன்னால், நம் மாணவர் ஆனந்தத் தாண்டவம், ஐந்தொழில், சிதம்பர ரகசியம் என்று மூன்று பக்கம் எழுதிவிடுவார். தெரிந்ததையெல்லாம் எழுதினோமே, ஏன் பி தந்தார்கள் என்று குழம்புவார். ஆசிரியர் கேட்டது வடிவ ஆய்வு. அதாவது: சுடர்கள் சூழ்ந்த வளையம் உருவத்துக்குச் சட்டம் போடுகிறது, தூக்கிய இடக்கால் உடலின் குறுக்கே போகிறது, முன் இடக்கை அதே திசையில் நீண்டு அந்தச் சாய்வை இரட்டிக்கிறது, இத்தனை அசைவுக்கும் நடுவே முகம் நேராக, அசையாமல் இருக்கிறது, முழு எடையும் முயலகன்மேல் ஊன்றிய ஒற்றைக் காலில் இறங்குகிறது. இதை எழுதிய பிறகு, அசைவுக்கு நடுவே அசைவின்மை என்ற சைவக் கருத்தைக் கொண்டுவந்தால் கட்டுரை ஏ வாங்கும். உடுக்கை படைப்பு, தீ அழிப்பு என்பதெல்லாம் அதற்கு அடுத்த படி. தேன்மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி உலோகம் ஊற்றும் முறையைச் சேர்த்தால், ஒவ்வொரு சிலையும் ஏன் ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்பதும் விளங்கும். அச்சை உடைத்துத்தானே சிலையை எடுக்க வேண்டும்.

வரிசை இதுதான்: என்ன தெரிகிறது, எப்படி அமைந்திருக்கிறது, என்ன பொருள், எப்படி மதிப்பிடுவது. அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த இந்த நான்கு படிகளைப் பல வகுப்புகள் அப்படியே பயன்படுத்துகின்றன. ‘அழகாக இருக்கிறது’ என்பது நான்காம் படி. அதை முதல் வாக்கியத்தில் எழுதாதீர்கள்.

இணையவழிப் படிப்புக்கே உரிய இரண்டு பிழைகளும் உண்டு. ஒன்று அளவு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘கனகாவா பேரலை’ மரச்செதுக்கு அச்சு, ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரியது. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் அகலம். போன் திரையில் இரண்டும் ஒரே அகலத்தில் தெரியும். ஆகவே படத்தைப் பார்க்குமுன் அளவைப் படியுங்கள், சுவரில் கையால் அளந்து பாருங்கள். மற்றொன்று நிறம். இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு போனில் இயங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு நிறத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் ஓவியரின் நீலம் உங்களுக்குப் பச்சையாகத் தெரியும். அதை அணைத்துவிட்டு, அருங்காட்சியகத்தின் சொந்த இணையப் பக்கத்திலுள்ள படத்தையே பாருங்கள். பகிர்வுத் தளங்களில் ஓரம் வெட்டப்பட்ட படங்கள் நிறைய.

நேரில் பார்த்து எழுதும் கட்டுரை ஒன்று அநேகமாகக் கட்டாயம் இருக்கும், படைப்பின் நகலைப் பார்த்து எழுதினால் ஏற்கமாட்டார்கள். பினாங்கில் இதற்குக் குறை இல்லை. கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துவாங்கு ஃபவுசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கிறது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தில் உண்மையான சைக்கிள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது; வரைந்த நிழலும் நிஜ இரும்பும் சேருமிடம் எழுதுவதற்கு நல்ல பொருள். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தையும் எடுக்கலாம், ஆசிரியர் கட்டடக் கலையை ஏற்பாரா என்று கேட்டுக்கொண்டு. கோலாலம்பூருக்குப் போனால் தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாரா, இல்ஹாம் கலைக்கூடம் இரண்டும். சென்று வந்ததற்குச் சான்றாக நுழைவுச்சீட்டைக் கேட்பார்கள். இலவச நுழைவு உள்ள இடத்தில் சீட்டு இருக்காது. படைப்புடன் நீங்கள் நிற்கும் படம் போதுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கலைக்கூடச் சுவர்க் குறிப்பை அப்படியே எழுதினால் பிறர் எழுத்தோடு ஒப்பிடும் மென்பொருள் பிடித்துவிடும். தமிழில் எழுதி இயந்திரத்தால் ஆங்கிலமாக்கி அனுப்புவதும் பல வகுப்புகளில் விதிமீறல். எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதியதற்கு இலக்கணத்துக்காகக் கொஞ்சம்தான் குறைப்பார்கள், மற்றதற்குச் சுழியம்.

வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன்: கிடைக்காது. பள்ளி ஆசிரியை ஆகப் பட்டமும் கற்பித்தல் தகுதியும் வேண்டும். சம்பளம் வாங்கும் சுற்றுலா வழிகாட்டிக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். சம்பளம் வேண்டாம், மக்களிடம் கலையைப் பேச வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலர் குழுவொன்று தன் வழிகாட்டிகளுக்குத் தானே பயிற்சி கொடுக்கிறது. பினாங்கிலும் கலைக்கூடங்களில் தன்னார்வலர் தேவையா என்று நேரில் கேட்கலாம். அங்கே யாரும் மூன்று கிரெடிட்டைக் கேட்கப்போவதில்லை.

பணமும் ஏஜென்டும்

நாட்டைவிட்டுப் போகாமல் இணையத்தில் படிக்க அமெரிக்க மாணவர் விசா தேவையே இல்லை. இல்லாத விசாவுக்கு ஆலோசனைக் கட்டணம் வாங்குவது தனித் திறமைதான். சமூகக் கல்லூரிகளில் பொதுவாக நுழைவுப் போட்டி கிடையாது. பட்டம் நோக்காத மாணவராக அவர்கள் இணையப் பக்கத்திலேயே நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கட்டணத்தில் மட்டும் கவனம்: விளம்பரத்தில் இருப்பது உள்ளூர்வாசிகளுக்கான கட்டணமாக இருக்கும். வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு ஆகலாம். பாடநூல் அணுகல் கட்டணமும் தனியாக வரலாம். ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) கல்விப் பணமெடுப்பு டிப்ளோமா, அதற்கு மேற்பட்ட படிப்புகளுக்கானது. தனிப் பாடத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஏஜென்டிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் ரசீதையும் ‘எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கும்’ என்ற அந்த வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பித் தர எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிமேல் இங்கே வழக்காடுவது நடக்காத காரியம். இங்கே கடை வைத்திருக்கும் ஏஜென்டின் விஷயம் வேறு.

சேர்ந்தபின் விலகுவதிலும் இரண்டு வகை உண்டு. தொடக்கத்தில் சில நாள்களுக்குள் பெயரை நீக்கிக்கொண்டால் பணம் திரும்பும், மதிப்பெண் சான்றில் பதிவு இருக்காது. அந்தத் தேதி தாண்டி விலகினால் பணம் போகும், சான்றில் விலகியவர் என்பதற்கான டபிள்யூ எழுத்து விழும். ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால் எஃப், அதாவது தோல்வி. எட்டு வார வகுப்பில் அந்த முதல் கெடு ஒரு வாரம்கூட இருக்காது. இணையப் பக்கத்தில் நுழைந்தாலே வருகை என்று நினைக்காதீர்கள். முதல் வார அறிமுகப் பதிவை அனுப்பாதவரைக் கல்லூரியே நீக்கிவிடலாம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி நியாயம். படம் பார்க்கக் காசு வேண்டாம்தான். ஸ்மார்ட்ஹிஸ்டரி என்ற கலை வரலாற்றுத் தளத்தில் நல்ல விளக்கக் காணொளிகள் இலவசம். பெரிய அருங்காட்சியகங்களின் தொகுப்புகளும் இலவசம். நீங்கள் பணம் கொடுப்பது உங்கள் கட்டுரையின் ஓரத்தில் ஓர் ஆசிரியர் எழுதும் குறிப்புக்காக. ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை கட்டுரைகளை ஆசிரியர் திருத்திக் குறிப்புடன் திருப்பித் தருவார்? பாடத்திட்டப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி கணினி திருத்தும் குறுந்தேர்வுக்கு என்றால் உங்கள் கணவர் சொன்னதே சரி, அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லும் வழி: இந்த மாதம் பல்கலைக்கழகத்துக்கு ஏபெல் சி பற்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வாரம் இலவசக் காணொளிகளைப் பாருங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒரு படைப்பின் முன் பத்து நிமிடம் எழுதாமல் நின்றுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். நான்கு பக்கமும் எழுதி முடித்து, இதைத் திருத்த ஒருவர் வேண்டுமே என்று தோன்றினால், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் முழுப் பருவ வகுப்புக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். இரண்டாவது சனிக்கிழமையோடு நின்றுவிட்டால் 3,900 ரிங்கிட் மிச்சம்.